கொக்கி ஆடிய நாள்

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையிலுள்ள தெப்ராவில் நான் கிரேன் ஓட்டும் தொழிற்சாலையில், அடுக்குமாடி வீடுகளுக்கான கான்கிரீட் தூண்களையும் உத்திரங்களையும் தனித்தனியாக வார்த்து அனுப்புவோம். நிலநடுக்கத்தை அவற்றின் இணைப்புகள் தாங்குமா என்று சோதிக்க ஓர் இன்ஜினியர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், நரைத்த மீசை, தலைக்குப் பெரிதான ஹெல்மெட். ஒரு தூணோடு உத்திரத்தை இணைத்து, ஜாக்கி வைத்து முன்னும் பின்னும் தள்ளுவார். விழும் விரிசல்களின்மேல் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார். போட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு வைத்துவிடுவார்.

“இவ்வளவு விரிசலா சார்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“விரிசல் விழலாம் லா. கழண்டு போயிடக் கூடாது.”

ஒரு மத்தியானம் என் கிரேனின் கொக்கி தானாக ஆடியது. சுமத்ராவில் நிலம் நடுங்கியிருக்கிறது. எல்லோரும் வெளியே ஓடினோம். அவரும் வந்தார், கைப்பேசியை உள்ளங்கையில் ஏந்தியபடி. சற்று நேரத்தில் அது அடித்தது.

“ஆமாம்மா, இங்கயும் ஆடுச்சு. எனக்கு ஒன்னும் இல்ல. நீ சாப்பிட்டியா…”

அதற்குள் அழைப்பு முடிந்துவிட்டது.

“மக. சிங்கப்பூர்ல இருக்கா. ஆடுனாதான் கூப்பிடுவா.”

“நீங்க கூப்பிடலாமே சார்?”

“எடுக்க மாட்டா.”

சோதனை முடிந்து அவர் போய்விட்டார். எங்கேயும் எதுவும் இடியக்கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் காற்றில்லாத மத்தியானங்களில் அந்தக் கொக்கியைப் பார்த்து, கொஞ்சம் ஆடித்தான் தொலையேன் என்று சொல்லத் தோன்றுகிறது.