ஞானபாக்கியம் அக்கா திருத்திய நாவல்

பிழையே செய்யாத மனுஷர்களைக் கண்டால் எனக்கு அருவருப்பு. பல்லி விழுந்த சோற்றைக்கூடப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இவர்கள் முன்னால் நிற்க முடியாது. ஞானபாக்கியம் அக்காவால் எனக்கு வந்த வியாதி இது.

ராஜபாளையத்தில் அவள் ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட் நடத்தினாள். நான் அங்கே சுருக்கெழுத்து சொல்லிக் கொடுத்தேன். அவள் அடித்த தாளில் ஒரு புள்ளி இடம் மாறி யாரும் பார்த்ததில்லை. மில் ஆபீசுகளிலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல்களிடமிருந்தும் அவளைத் தேடி வேலை வரும். மூலம் எப்படியோ நகலும் அப்படியே இருக்க வேண்டும் என்பாள். பைபிளுக்கு அடுத்து அவள் நம்பியது அது ஒன்றைத்தான்.

எண்பத்தேழில் அவள் தம்பி ஐயாதுரை பட்டாளத்திலிருந்து லீவில் வந்தபோது ஓர் இங்கிலீஷ் கேசட் கொண்டுவந்தான். ப்ராக்ரஸிவ் ராக் என்று அந்த மாதிரிப் பாட்டுக்குப் பெயராம். பாட்டெல்லாம் சேர்ந்து ஒரே கதை. ஒரு லிஃப்ட் ஆபரேட்டர். ஒருநாள் அவன் லிஃப்ட் கீழே இறங்க மறுத்து மேலே மேலே போகிறது. மாடிக்கு மாடி அவன் வாழ்க்கையில் வந்த ஆட்கள் ஏறுகிறார்கள். காளிராஜ் அண்ணாச்சியின் ரெக்கார்டிங் கடையில் அக்காவுக்கு ஒரு நகல் போட்டுக் கொடுத்துவிட்டு, மூலத்தை ஐயாதுரை திரும்பக் கொண்டுபோய்விட்டான்.

அக்காவுக்கு அது பேய் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டது. சாயங்கால வகுப்பு முடிந்ததும் கேசட்டைப் போடுவாள். நான் பாட்டு வரிகளைச் சுருக்கெழுத்தில் பிடிப்பேன். கிடாருக்கும் ஆர்மோனியம் போன்ற ஏதோ ஒன்றுக்கும் நடுவே வெள்ளைக்காரன் என்ன முனகுகிறான் என்று தெரியாமல் தேய்த்துத் தேய்த்துக் கேட்போம். பிறகு ஒருநாள், "ஏட்டி ஆவுடை, நான் இத நாவலா எழுதப் போறேன்" என்றாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

எழுதிவிட்டாள். ராஜபாளையத்தில் லிஃப்டுக்கு எங்கே போவது? அதனால் லிஃப்ட், ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ் ஆகிவிட்டது. ஆபரேட்டர், கண்டக்டர் சின்னக்கருப்பன் ஆகிவிட்டான். பஸ் ஊர் போய்ச் சேராமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாலாவது அத்தியாயத்தில் அவன் பெண்டாட்டி செத்துப்போகிறாள். சுடுகாட்டிலிருந்து நேராக டியூட்டிக்கு வருகிறான். ஏழாவதில், மில் ஸ்டாப்பில், அதே பெண்டாட்டி கல்யாணச் சேலையும் மாலையுமாக ஏறி, யாரோ ஒருத்தியைப் போல டிக்கெட் கேட்கிறாள். கிழித்துக் கொடுக்க அவனுக்குக் கை வரவில்லை. அதை அக்கா வாசித்துக் காட்டியபோது நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இந்த ஊரில், இந்த எண்ணெய் நாற்றம் பிடித்த மெஷின்களுக்கு நடுவில், இப்படி ஒன்றை ஒருத்தி எழுதினாளே என்று பெருமையாக இருந்தது.

மதுரையில் ஒரு பதிப்பாளர் அச்சுப் போடச் சம்மதித்தார். அந்த நேரம் பார்த்து ஐயாதுரை மறுபடி லீவில் வந்தான், கையில் மூலக் கேசட்டோடு. கார்பன் நகலை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"எக்கா, வரிசையே தப்பா இருக்கு. மொதல்ல கல்யாணம், பொறவுதான் சாவு. செத்தவளுக்கு மால போட வெள்ளக்காரனுக்கு என்ன பைத்தியமா?"

மூலத்தைப் போட்டுக் கேட்டோம். அவன் சொன்னது சரி. நான் நேரே காளிராஜ் அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

"வரிசைய ஏன் மாத்துனிய?" என்றேன்.

"மொதப் பக்கத்துல கடேசிப் பாட்டு பாதியில அறுந்துபோகும்மா. அறுந்தா கஸ்டமர் சண்டைக்கு வருதாவ. நீளம் பாத்து மாத்திப் போட்டாத்தான் டேப்புல அடங்கும். எல்லாப் பாட்டும் உள்ள இருக்குல்லா, பொறவென்ன?"

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இங்கே காளிராஜ் அண்ணாச்சி குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாரைப் பிடித்து வைத்திருந்தார். அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்காவிடம் ஓடினேன். அதற்குள் அவள் மெஷினில் புதுத்தாள் ஏற்றியிருந்தாள்.

"அக்கா, வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

"மூலத்துல இல்லாதது நகல்ல இருந்தா அதுக்குப் பேரு என்னட்டி? பிழை."

"இது நகல் இல்லக்கா. நீங்க எழுதுனது."

"அந்தப் பாட்டக் கேட்ட யாராச்சும் வாசிச்சா என்னய என்ன நெனைப்பாவ?"

யார் கேட்டிருக்கிறார்கள்? தளவாய்புரத்திலிருந்து வத்திராயிருப்பு வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் நாங்கள் மூன்று பேர், இங்கிலீஷ் தெரியாத காளிராஜ் அண்ணாச்சியோடு நாலு. சொன்னேன். கெஞ்சினேன். அவள் காதில் ஏறவில்லை.

முழு நாவலையும் வரிசை மாற்றி எழுதி அடித்தாள். சின்னக்கருப்பன் பெண்ணைப் பார்க்கிறான், கட்டுகிறான், அவள் சாகிறாள், அவன் அழுகிறான், பஸ் நிற்கிறது. தூ! கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் சேர்த்துத் தைத்த மாதிரி ஒரு புத்தகம். பதிப்பாளருக்குப் போன் போட்டு, பழையதையே போடுங்கள் என்றேன். "ரெண்டும் ஒரே கதைதானம்மா, இது நல்லாப் புரியுது" என்றார் அந்த மனுஷர். பழைய தாள்கட்டைத் தபாலில் அக்காவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

தொண்ணூற்றிரண்டில் புத்தகம் வந்தது. அட்டையில் பூ வைத்த ஒரு பெண்; பஸ்ஸையே காணோம். யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை, பேசவில்லை. அக்காவுக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. "ஒரு பிழை கெடையாதுட்டி" என்று அட்டையைத் தடவிக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கத்தான் எனக்கு ஆகவில்லை.

சில மாதம் பொறுத்து, பழைய தாள்கட்டையாவது எனக்குக் கொடுங்கள் என்று கேட்கப் போனேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளையின் மெஷினில் இருந்த தாளின் மறுபக்கத்தில் எழுத்து தெரிந்தது. உருவி எடுத்துப் பார்த்தேன். ஏழாவது அத்தியாயம். பின்பக்கம் முழுக்க யளனகபக, யளனகபக என்று முதல் பாடம். பக்கத்து மெஷினிலும் அதுதான். கார்பன் நகலையும் விடவில்லை. அது போன மாதமே தீர்ந்துபோயிருந்தது.

நான் தாளோடு நிற்பதைப் பார்த்து அக்கா எழுந்து வந்தாள். என் கையிலிருந்து அதை வாங்கி, சுருக்கம் நீவி, அந்தப் பிள்ளையின் மெஷினில் கோணாமல் ஏற்றிக் கொடுத்தாள்.

"முன்பக்கந்தான் தப்பாப் போச்சு, பின்பக்கமாவது பிள்ளையளுக்குப் பிரயோசனப்படட்டும்ட்டி" என்றாள்.