மஞ்சள் கோடு போட்ட திருகாணி

உள் அறையில் ‘டப்’ என்று ஒரு சத்தம்.

முகமூடிகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்த முத்துச்செல்வியின் கை அப்படியே நின்றது. விளையாட்டு நடக்கும்போது நூறு தரம் கேட்கிற சத்தம்தான். ஆனால் மைதானம் சனிக்கிழமை மாலையிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. இன்று திங்கள்.

“நான் தொடவே இல்ல செல்வி!” உள்ளேயிருந்து முதலாளி இளங்கோவன் கத்தினார். “ஆணில மாட்டினேன், அவ்ளோதான். அதுவா வெடிச்சிக்கினு போவுது!”

அவள் ஓடிப் போய்ப் பார்த்தாள். சுவரில் தொங்கிய காலண்டரில், ஒரு சாமியின் முழங்காலுக்குக் கீழே நீலச் சாயம் சிதறி வழிந்துகொண்டிருந்தது. இளங்கோவன் இரண்டு கைகளையும் தூக்கியபடி, யாரோ மிரட்டி நிறுத்திவைத்த ஆளைப் போல நின்றார்.

நான் தொடவே இல்லை. சனிக்கிழமை அஸ்வின் என்ற அந்த இளைஞனும் இதையேதான் சொன்னான். நான்கு தரம் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை.

முத்துச்செல்விக்கு முப்பத்தைந்து வயது. ராதாபுரத்துப் பக்கம் ஊர். பத்தொன்பது வயதில் ஒரு தகரப் பெட்டியோடு ஒரகடத்தில் வந்து இறங்கியவள். கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்புச் சட்டத்தைப் பூட்டுகிற லைனில் பதினான்கு வருடம் கான்ட்ராக்டில் நின்றாள். ஒரு சட்டத்துக்கு ஆறு போல்ட். ஸ்பேனர் ‘டக்’ என்று சொல்லும் வரை முறுக்க வேண்டும். சொன்னதும் போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு இருந்தால் செல்வி பார்த்துவிட்டாள் என்று பொருள். பதினான்கு வருடத்தில் அவள் கோடு போட்ட ஒரு போல்ட்கூடப் பழுது என்று திரும்பி வந்ததில்லை. கம்பெனி பஸ் ஓட்டும் அவள் கணவன் வனமாமலை, வீட்டில் பிரஷர் குக்கர் கைப்பிடியில்கூட மஞ்சள் கோடு இருப்பதைக் காட்டி வருகிறவர்களிடம் சிரிப்பான்.

போன வருடம் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. அதன் பிறகுதான் மணிமங்கலம் சாலையில் இருந்த இந்த மைதானத்துக்கு வந்தாள். கம்பெனிக்காரர்கள் சனி, ஞாயிறில் கூட்டமாக வந்து, டயர்களுக்கும் பீப்பாய்களுக்கும் பின்னால் ஒளிந்துகொண்டு, சாயக் குண்டால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடும் இடம். கருவிகளைத் துடைத்து, காற்று அடைத்து, விளையாட வருகிறவர்களிடம் எண்ணிக் கொடுத்து வாங்குவது அவள் வேலை. “துப்பாக்கின்னு மட்டும் வாயத் தொறக்காத. மார்க்கர்னு சொல்லு. போலீஸ் காதுல வுழும்” என்று முதல் நாளே இளங்கோவன் சொல்லியிருந்தார். அவள் அவரை ‘அண்ணாச்சி’ என்றாள். “அய்ய, மளிகைக் கடைக்காரனாட்டம் கூப்புடாதம்மா” என்று அவர் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டார்.

சனிக்கிழமை நடந்தது இதுதான். விசில் ஊதி ஆட்டம் முடிந்தது. மைதானத்தை விட்டு வெளியே வரும்வரை முகமூடியைக் கழற்றக் கூடாது. சஞ்சய் என்பவன் வியர்வை தாங்காமல் உள்ளேயே கழற்றிவிட்டான். பத்தடி பின்னால் வந்த அஸ்வினின் கையிலிருந்த மார்க்கர் வெடித்தது. குழல் வாயில் மாட்ட வேண்டிய துணி உறையை அவன் இன்னும் மாட்டியிருக்கவில்லை. குண்டு சஞ்சயின் புருவ எலும்பில் பட்டுக் கண்ணுக்குள் ரத்தம் கட்டிவிட்டது. பார்வைக்கு மோசமில்லை, மூன்று வாரம் ஆகும் என்றார் டாக்டர்.

அவ்வளவோடு போயிருக்கும். ஆனால் அஸ்வினும் சஞ்சயும் ஒரே கம்பெனியில் ஒரே சூப்பர்வைசர் பதவிக்குக் காத்திருந்தவர்கள். வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. பதவி சஞ்சய்க்கு. மறுநாள் இந்தக் குண்டு.

காலண்டரின் கீழே தொங்கிய அந்த மார்க்கரைச் செல்வி எடுத்தாள். காற்றை இறக்கிவிட்டு, கவிழ்த்துப் பார்த்தாள். விசைக்குப் பின்னால் ஒரு சின்னத் திருகாணி. அதன் தலையில் மஞ்சள் கோடு.

அவளே போட்ட கோடு.

போன செவ்வாய்க்கிழமை வேலை இல்லாத மத்தியானத்தில், இருபது மார்க்கர்களையும் துடைக்க எடுத்தபோது, பதினொன்றில் இந்தத் திருகாணி லூசாக ஆடுவதைக் கண்டாள். மற்ற ஒன்பதில் உலர்ந்த சாயம் அதைப் பாதியிலேயே பிடித்து ஆடவிடாமல் வைத்திருந்தது. லூசான ஒன்றைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. பதினொன்றையும் கெட்டியாக முறுக்கினாள். பழக்கத்தில் பையிலிருந்த பெயிண்ட் பேனாவை எடுத்துக் கோடும் இழுத்தாள். சனிக்கிழமை காலை விளையாடிய பையன்கள், “அக்கா, இன்னிக்கி செம ஸ்மூத்தா கீது, லேசா தொட்டாலே போவுது!” என்றார்கள். அன்று மாலை வரை அவளுக்கு மனசு குளிர்ந்திருந்தது.

லேசாகத் தொட்டாலே போகிறது. அதன் அர்த்தம் இப்போதுதான் உறைத்தது. விசைக்குக் கொஞ்சம் ஆட்டம் இருக்கட்டும் என்றுதான், செய்தவன் அந்தத் திருகாணியைத் தளர்த்தி வைத்திருந்தான். அந்த இடைவெளியை அவள் முறுக்கி அடைத்துவிட்டாள்.

“அண்ணாச்சி, இது நாஞ்செஞ்ச வேல” என்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

இளங்கோவன் கேட்டு முடித்து, வெளிக் கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மொதல்ல அந்த மஞ்சள தொடச்சிடு. ஸ்க்ரூவ லூசு பண்ணிடு. பசங்க கம்பெனிலேர்ந்து சேஃப்டி ஆபீசரம்மா பத்து மணிக்கி விசாரிக்க வருது. கேட்டா செக் பண்ணித்தான் குடுத்தேன்னு சொல்லு. பொய்யா அது? நெசந்தானே?”

“அந்தப் பையன்?”

“அவனுக்கும் இவனுக்கும் ஆவாது. ஊருக்கே தெரியும். நாம இன்னாத்துக்கு நடுவுல?”

பெயிண்ட்டை அழிக்கும் தின்னர் பாட்டிலையும் துணியையும் அவர் மேசை மேல் வைத்தார். அவள் துணியை எடுத்தாள். முதல் மார்க்கரில் ஒரு முறை தேய்த்தாள். மஞ்சள் துணியில் இறங்கியது. சனிக்கிழமை அந்தப் பையன் மார்க்கரைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அதைக் கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றானே, அந்த முகம் நினைவுக்கு வந்தது. துணியை மடித்து மூலையில் போட்டாள்.

பத்து மணிக்குச் சரியாக, அஸ்வின் வேலை பார்க்கும் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி உமாதேவி வந்தார். உயரமான பெண். கையில் கோப்பு. கொடுத்த மோரைத் தொடவில்லை.

“இந்த மார்க்கருக்கெல்லாம் லைசென்ஸ் இருக்கா சார்?”

“வேணும்னு ஒருத்தன் சொல்றான், வேணாம்னு ஒருத்தன் சொல்றான் மேடம். விளையாட்டு சாமான்னுதான் வாங்கன பில்லுல கீது.” இளங்கோவன் பில்லை நீட்டினார். “அன்னிக்கே எஸ்.ஐ. வந்து தூக்கிப் பாத்தாரு. இது துப்பாக்கியா பொம்மையான்னு அவருக்கே டவுட்டு. கம்பெனி இன்னா பேப்பர் குடுக்குதோ அத்த வெச்சிப் பாக்கலாம்னுட்டாரு.”

“அதான் விஷயம்.” உமாதேவி கோப்பைத் திறந்தார். “வேணும்னே சுட்டான்னு நான் எழுதினா, சாயங்காலமே புகார் போகும். வேலையும் போகும், கேஸும் வரும். அவனுக்கு இருபத்தாறு வயசு. அதனாலதான் நேர்ல வந்தேன். மெஷின்ல ஏதாவது கோளாறு உண்டா?”

“ஒண்ணியும் இல்ல மேடம். நம்ம செல்வி பதினாலு வருஷம் கம்பெனில க்வாலிட்டி பாத்த பொண்ணு. கேட்டுக்கோங்க.”

அந்த ஒரு நொடியில் அவளுடைய பதினான்கு வருடமும் தராசின் ஒரு தட்டில் ஏறி உட்கார்ந்தது.

“கோளாறு இருக்கு மேடம்” என்றாள் செல்வி. “கோளாறே நாந்தான்.”

“ஏய்...” என்றார் இளங்கோவன்.

“இருங்க அண்ணாச்சி. சொல்லுதேன்.”

சொல்வதைவிடக் காட்டுவது எளிது என்று அவளுக்குத் தோன்றியது. கோடு இல்லாத ஒரு மார்க்கரை எடுத்துக் காற்றை மட்டும் திறந்து, குண்டு போடாமல், மூலையில் இருந்த மணல் மூட்டையைப் பார்த்துப் பிடித்தாள். அதன் அடிப்பாகத்தை மேசையில் தட்டினாள். ஒன்றுமில்லை. கோடு போட்ட ஒன்றை எடுத்து அதேபோல் தட்டினாள். ‘டப்’.

உமாதேவி பின்னால் நகர்ந்தார். பிறகு தானே வாங்கித் தட்டிப் பார்த்தார். ‘டப்’. செல்வி அந்தத் திருகாணியை இரண்டு சுற்றுத் தளர்த்திக் கொடுத்தாள். மூன்று தரம் தட்டியும் அது வாயைத் திறக்கவில்லை.

“அஸ்வின் கையில இருந்தது எது?”

“ஏழாம் நம்பர். இந்தா இருக்கு. இதுலயும் கோடு இருக்கு பாருங்க.” முதல் மார்க்கரையும் எடுத்துக் காட்டினாள். “இதுல பாதி அழிஞ்சிருக்கும். அதுவும் நாந்தான். இப்பத்தான் அழிச்சேன்.”

உமாதேவி நெடுநேரம் எழுதினார். “அவன் உறை மாட்டலை, விரலை விசைக்குப் பக்கத்துல வெச்சிருந்தான். அது தப்புதான். எச்சரிக்கையோட விடலாம். ஆனா இதுல உங்க பேரு வரும். தெரியுமில்ல?”

“வரட்டும் மேடம். முழுப் பேரா எழுதுங்க. கோட்டப் பாத்தா நான் நின்ன லைன்ல எல்லாருக்கும் தெரியும், யாருதுன்னு.”

உமாதேவி இளங்கோவனிடம் திரும்பினார். “சார், கோடு போட்டதெல்லாம் சரி பண்ற வரைக்கும் மைதானத்தைத் திறக்காதீங்க. இதையும் எழுதியிருக்கேன்.”

இளங்கோவன் செல்வியைப் பார்க்கவில்லை. காலண்டரின் நீலச் சாயத்தைப் பார்த்தபடி சொன்னார்: “எல்லாத்தியும் கயட்டி சரி பண்ணிட்டு, சாவிய மேசை மேல வெச்சிட்டுப் போ. நாளைக்கி வராத.”

“சரி அண்ணாச்சி.”

ஏழாம் எண் மார்க்கரைப் பையில் போட்டுக்கொண்டு உமாதேவி எழுந்தார். செல்வியிடம் கையெழுத்து வாங்கினார். வாசலில் ஒரு நிமிடம் நின்று எதையோ சொல்ல வாயெடுத்தவர், “மோர் வேணாம்னு இல்ல, நேரமில்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார். சாலைப் புழுதி உள்ளே அடித்தது. செல்வி கதவை இழுத்துச் சாத்தினாள்.