ராசாவுக்கான வெல்லம்

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் கொள்ளு வேகும் வாசனை வந்தது. கணவர் அடுப்படியில் நின்றார். "கை காலு கழுவிட்டு வா, ரசம் சூடா இருக்குது" என்றார்.

நான் பிறந்த வீட்டில் தினமும் அந்த வாசனைதான். அப்பா நாமக்கல்லில் குதிரை வண்டி ஓட்டினார். அம்மா கொள்ளை வேகவைத்து, வடித்த தண்ணீரில் எங்களுக்கு ரசம் வைப்பார். வெந்த கொள்ளு, குதிரை ராசாவுக்கு. ஒரே பானைச் சாப்பாட்டில்தான் நாங்களும் அதுவும் வளர்ந்தோம்.

பள்ளிக்கூடத்துக்கு அந்த வண்டியில்தான் போவேன். வாசலில் இறங்கியதும் ராசாவுக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுப்பேன். அதன் ஈர உதடுகள் என் உள்ளங்கையைத் துழாவும். ஏழாம் வகுப்பில் ஒருத்தி, என் பாவாடையில் குதிரை நாற்றம் அடிக்கிறது என்று மூக்கைப் பொத்தினாள்.

மறுநாள் அப்பாவிடம், "முக்குலயே எறக்கி உட்டுருங்கப்பா" என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. தெருமுனையில் வண்டியை நிறுத்தினார். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில், இறங்கியதும் ஓடினேன்.

"அது உன்ற கையப் பாத்துட்டு நிக்குது சாமி" என்றார் அப்பா.

எனக்குக் கேட்டது. திரும்பவில்லை. அந்த வெல்லத்தை வகுப்பில் குனிந்து உட்கார்ந்து நானே தின்றேன். அப்புறம் அப்பாவும் சொல்வதை விட்டுவிட்டார். ராசாதான் அந்த வருடம் முழுக்கத் தினமும் முக்கில் கழுத்தை நீட்டியது.

கணவர் டம்ளரைக் கையில் கொடுத்தார்.

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

"இன்னும் வாயிலயே வெக்கல" என்றார் அவர்.