வலது காலுக்குக் கீழே

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில், ஆளை ஆள் தூக்கி ஆடும் எங்கள் சியர்லீடிங் குழு முதன்முதலாகக் கலந்துகொண்ட போட்டியில் எங்களுக்கு ஏழாவது இடம் கிடைத்தது. வந்திருந்ததே ஏழு குழுக்கள்தான். அப்பா அந்த இரண்டாவது விபரத்தை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தார்.

எங்கள் பயிற்சியாளர் சிறுவர் பாடசாலை ஒன்றில் வேலை செய்த பெண். தனக்குத் தெரிந்ததையெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தந்து முடிந்துவிட்டது என்று அவரே ஒளிக்காமல் சொன்னார். பெரிய போட்டிகளில் ஆடிய இரண்டு பேரைப் பிராங்பேர்ட்டிலிருந்து ஒரு சனி, ஞாயிறுக்கு வரவழைத்தார்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. குழுவில் ஆகப் பாரம் குறைந்தவள் என்பதால் என்னைத்தான் மேலே தூக்குவார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு பாதத்தைக் கைகளில் ஏந்துவார்கள். மூன்றாவது ஆள் பின்னால் நின்று பிடிப்பாள். வலது பாதம் அக்காவின் கையில் இருந்தது. அக்காவுக்குப் பதினாறு வயது. அவள் வந்தால்தான் நானும் வரலாம் என்பது அம்மா போட்ட சட்டம். அவளுக்கு இதில் விருப்பமா என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

பிராங்பேர்ட்டிலிருந்து வந்தவர்களில் ஒருவர் கட்டை முடி வெட்டிய உயரமான பெண். மற்றவர் அதிகம் பேசாத இளைஞர். நாங்கள் ஏறுவதும் இறங்குவதும் பிழை என்று முதல் அரை மணித்தியாலத்திலேயே சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை முழுவதும் பழையதை மறக்கப் பழகினோம். பின்னேரம் அவர்கள் சொன்னபடி ஏறியபோது மண்டபத்தின் கூரை எனக்குக் கிட்ட வந்தது போல இருந்தது. ஆனால் வலது காலுக்குக் கீழே அந்த நடுக்கமும் இருந்தது.

அது எனக்குப் புதிதல்ல. குளிர்காலம் முடியும் முன்பே தொடங்கியிருந்தது. நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தின் தரையில் கால் வைத்தால் இயந்திரம் அதிர்வது தெரியுமே, அப்படி. சில நாள் வரும், சில நாள் வராது. நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அக்காவை மாற்றுவார்கள், அக்கா வராவிட்டால் அம்மா என்னை விடமாட்டார் என்பது வரை நான் யோசித்து வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞர் எங்களைக் கைபேசியில் படமெடுத்து, மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். நான் மேலே சிரித்துக்கொண்டு நிற்கிறேன். என் முழங்கால் ஆடுகிறது. ஆட்டம் என் காலில் தொடங்குகிறதா, காலைத் தாங்கிய கையில் தொடங்குகிறதா என்பது படத்தில் தெரியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், பிறகு பார்ப்போம் என்றார் கட்டை முடிக்காரி.

உடை மாற்றும் அறையில் அக்கா என்னை மூலைக்கு இழுத்தாள்.

"உன்ர கால்தான் நடுங்கினது எண்டு சொல்லு."

"என்ர கால் நடுங்கேல்லையே."

"எனக்குத் தெரியும். ஒருக்காச் சொல்லு. உன்னைக் கெஞ்சிக் கேக்கிறன்."

அக்கா என்னிடம் அதுவரை எதற்கும் கெஞ்சியதில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் கால் நடுங்குகிறவளை மேலே விடமாட்டார்கள். என் இடத்துக்கு இன்னொரு சின்னப்பெண் காத்திருந்தாள். அவளை எனக்குப் பிடிக்காது.

திரும்பிப் போனதும் கட்டை முடிக்காரி என்னைத்தான் கேட்டார். நான் தெளிவான ஜெர்மனில், என் கால் இல்லை, அக்காவின் கை, கனநாளாக நடுங்குகிறது என்றேன்.

அவர் அக்காவை ஏசவில்லை. அது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவளுடைய வலது கையைப் பிடித்து விரல்களை விரிக்கச் சொன்னார், மூடச் சொன்னார், திரும்பவும் விரிக்கச் சொன்னார். பெருவிரல் மற்ற விரல்களோடு வரவில்லை. பிறகு எங்கள் பயிற்சியாளரைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். பயிற்சியாளர் உடனே அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். வழக்கமாக அம்மாவுக்கு மொழிபெயர்ப்பவள் அக்காதான். அன்று அவள் சுவரோரம் கிடந்த வாங்கில் போய் இருந்துவிட்டாள்; கைபேசி என்னிடம் வந்தது.

"அக்கா விழுந்திட்டாளோ?" என்று அம்மா கேட்டார்.

"இல்லை. கையை டொக்டரிட்டைக் காட்டட்டாம்."

"கைக்கு என்ன?"

நடுங்குகிறது என்றேன். எந்தக் கை என்று அம்மா கேட்டார்.

மிச்சப் பயிற்சியில் வேறொரு பெண் என் வலது காலைத் தாங்கினாள். கல்லின் மேல் நிற்பது போல இருந்தது. டிராமில் வரும்போது அக்காவிடம், அவள் உன்னளவுக்கு நல்லா இல்லை என்று பொய் சொன்னேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு "ஓம்" என்றாள். அதற்குப் பிறகு வாரக்கணக்காக அவள் என்னோடு பேசவில்லை.

முதலில் வீட்டு வைத்தியர், பிறகு நரம்பு வைத்தியர், அதற்குப் பிறகு எசன் நகரில் பெரிய ஆஸ்பத்திரி. கோடை விடுமுறை தொடங்கும்போது நோயின் பெயர் வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பா அதை ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தார்; கடைசிவரை அவருடைய வாயில் அது வரவில்லை. நோயை மாற்ற ஏலாது, முற்றுவதை மெதுவாக்கலாம் என்றார்கள் வைத்தியர்கள். நேரத்தோடு கண்டுபிடித்தது நல்லது என்றும் சொன்னார்கள். சொன்னவள் நான் என்பதால், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் என் தலையைத் தடவிப் பாராட்டினார்கள். அக்கா அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றவில்லை என்று அம்மா ஏசினார். ஏசிவிட்டு, தானே தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய் வெகுநேரம் வராமல் நின்றார்.

ஆகஸ்ட் மாதம் அக்கா ஒரு பல் வைத்தியரிடம் தொழிற்பயிற்சி தொடங்க இருந்தாள். அவுஸ்பில்டுங் என்ற அந்தப் பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கூடப் போட்டாயிற்று. வர முடியாது என்ற கடிதத்தை அவளே எழுதி அனுப்பினாள். வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எங்கள் குழு அந்த வருடம் நன்றாக முன்னேறியது.

அன்று ஏன் அப்படிக் கெஞ்சினாய் என்று போன வருடம்தான் அவளிடம் கேட்டேன். இடது கையால் கோப்பையைப் பிடித்திருந்தாள்.

"என்ன வருத்தம் எண்டு எனக்கு அப்பவே தெரியும். பள்ளிக்கூடக் கொம்பியூட்டரில தேடிப் பாத்தனான்," என்றாள். "பல் டொக்டரிட்டை வேலைக்குப் போய் அந்த வெள்ளை உடுப்பை ஒரு மாதம் போட்டிட்டு, பிறகு சொல்லுவம் எண்டு நினைச்சனான்."

"நான் பொய் சொல்லியிருக்க வேணுமோ?"

"இல்லை. நீ சொன்னது சரிதான். அதாலதான் உன்னோட வாய்விட்டுக் கோவிக்கக்கூட ஏலாமப் போச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் குழுவில் தன் இடத்தைக் காப்பாற்றத்தான் கெஞ்சுகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குக் காப்பாற்ற வேறு இடம் எதுவும் இருப்பதாக எனக்கு அப்போது தெரியவில்லை.