2.41-க்குப் பிறகு ஊற்றிய கை

இது நடந்தது. அன்னூரில், பட்டப்பகலில், போன ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பேய் என்றால் நடுராத்திரி, புளியமரம், வெள்ளைச் சேலை என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் தாராளமாக எழுந்து போகலாம். நான் காதில் பூச்சுற்ற வரவில்லை. சபரீஷின் வலது உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தவன் நான். அதில் பாதிக்குத் தோல் இல்லை. கம்ப்யூட்டர் நோண்டினால் கை அப்படி ஆகுமா என்று இளிப்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டு இளியுங்கள்.

சபரீஷுக்கு இருபத்து நான்கு வயது. காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தான். கடையை மூடிவிட்டார்கள். எட்டு மாதமாக வீட்டில்தான். அவன் அப்பா ஈஸ்வரமூர்த்திக்குத் தறிப்பட்டறை இருக்கிறது. "திங்கக்கெழமையிலிருந்து பட்டறைக்கு வந்து சேரு. இனி ஒரு நாள் தவணை கெடயாது" என்று சொல்லிவிட்டார். சபரீஷுக்குத் தறிச் சத்தமே ஆகாது. அவனுக்கு இருந்தது ஒரே ஒரு வழி.

பெங்களூரில் ஒரு கம்பெனி இணையத்தில் போட்டி வைத்திருந்தது. கம்ப்யூட்டருக்கு மூளையான நான்கு கோர் புராசசரை, அது செய்யப்பட்ட வேகத்துக்கு மேலே விரட்டி ஓட்ட வேண்டும். ஓவர்கிளாக் என்பார்கள். சாதாரணமாக நான்கு கிகாஹெர்ட்ஸ் ஓடுவதை ஆறில் ஓட்ட வேண்டும். நான்கு கோரும் முழுப் பாரத்தோடு, ஓட்டம் ஒரு நொடிகூட விழாமல், யார் அதிக நேரம் ஓட்டுகிறார்களோ அவர்களுக்கு அந்தக் கம்பெனியின் லேபில் வேலை. ஞாயிறு மாலை ஐந்து மணியோடு போட்டி முடிகிறது. அன்று மதியம் வரை முதல் இடத்தில் இருந்தவனின் கணக்கு நாற்பத்தொரு நிமிடம்.

புராசசரை உக்கடத்தில் பீர் முகம்மது பாயின் பழைய சாமான் கடையில் வாங்கியிருந்தான். மூட்டையோடு வந்ததில் கிடந்ததாம். யாருடையது என்று பாய்க்கே தெரியாது. அட்டைப் பெட்டியின் அடியில் பால்பாயிண்ட் பேனாவில் யாரோ ஒரு போன் நம்பர் எழுதியிருந்தார்கள். அதை அவன் அப்போது கண்டுகொள்ளவில்லை.

ஆறு கிகாஹெர்ட்ஸ் சூட்டை ஃபேன் தாங்காது. தண்ணீரும் தாங்காது. திரவ நைட்ரஜன் ஊற்ற வேண்டும். அதற்கு எங்கே போவது என்று யோசிக்கிறீர்களா? எங்கள் பக்கத்தில் அது மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்களிடம் எப்போதும் இருக்கும். அந்த வேலை பார்க்கிற திருமூர்த்தி அண்ணன் இருபது லிட்டர் கேன் ஒன்றைக் காலையிலேயே விளிம்புவரை நிரப்பிக் கொண்டுவந்தார். ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினார். எதுவரை நைட்ரஜன் இருக்கிறதோ அதுவரை குச்சியில் பனி படியும். முக்கால் குச்சி வெள்ளையாக வந்தது.

"கண்ணு, இதுக்கு வாசமும் கெடயாது, நெறமும் கெடயாது. ஆவியாயி நல்ல காத்த வெளிய தள்ளிப்போடும், மூச்சும் முட்டாது. தூக்கம் வர்றாப்பல இருக்கும், அப்பறம் எந்திரிக்கவே மாட்டே. சன்னல், கதவு ரெண்டும் தொறந்தே கெடக்கோணும்."

"சரிங்கண்ணா."

"மூணு மணிக்குள்ள கேனுக்கு வந்துருவேன். கணியூர்ல ஒரு மாடு பருவத்துல இருக்குது."

இந்த ஓவர்கிளாக் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரே பகை ஈரக்காற்று. குளிர்ந்த போர்டில் ஈரம் கோத்தால் கரண்ட் பாய்ந்து எல்லாம் கருகும். அதனால் விவரம் தெரிந்தவர்கள்கூட அறையை இறுக அடைத்துக்கொண்டு ஊற்றுகிற மடத்தனத்தைச் செய்வதுண்டு. சபரீஷ் செய்யவில்லை. போர்டு முழுக்க வாஸ்லின் தடவி, துணி சுற்றி, மாடியில் இருந்த சின்ன அறையின் சன்னலை விரியத் திறந்து கொக்கி மாட்டினான். கதவுக்கு ஒரு ஸ்டூலை முட்டுக் கொடுத்தான். வீட்டில் யாரும் இல்லை. எல்லோரும் அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

2.05-க்கு ஓட்டம் தொடங்கியது. புராசசர் மேல் ஒரு செம்புக் குவளை நின்றது. ஃபிளாஸ்கில் மொண்டு அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். சூடு மைனஸ் நூற்றிமுப்பது டிகிரிக்கு மேலே ஏறினாலும் ஓட்டம் விழும். நூற்றைம்பதுக்குக் கீழே போனாலும் விறைத்து நின்றுவிடும். கை நிதானம்தான் எல்லாம். திரையில் சூட்டின் கோடு மேலும் கீழுமாக, ரம்பப் பல் போல ஓடிக்கொண்டிருந்தது. அது சபரீஷின் கை. ஓட்டம் நிற்கிற வரைக்கும் அந்தக் கோடு போட்டி நடத்துகிறவர்களுக்கு நிமிடத்துக்கு நிமிடம் போய்க்கொண்டிருக்கும்.

2.14. புழுக்கமாக இருந்தது. திரும்பினான். சன்னல் மூடியிருந்தது.

காற்றடித்து மூடியிருக்கும் என்பீர்கள். ஆனி மாதம், பாலக்காட்டுக் காற்று, எனக்கும் தெரியும். காற்று சன்னலைச் சாத்தும். உள்பக்கத்துத் தாழ்ப்பாளையுமா போடும்?

எழுந்து போய்த் திறந்தான். கொக்கியை மாட்டினான். இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. திரும்பி வந்து ஊற்றினான்.

2.22. செம்புக் குவளையைச் சுற்றி விரல் கனத்துக்கு வெண்பனி படிந்திருந்தது. அந்தப் பனியில் நான்கு கோடுகள் இருந்தன. உற்றுப் பார்த்தான். கோடுகள் இல்லை. விரல்கள். யாரோ குவளையைக் கையால் பிடித்த தடம்.

மைனஸ் நூற்றிநாற்பதில் இருக்கிற செம்பை எவன் கையால் பிடிப்பான்? அதுவும் விரல்கள் அவன் பக்கத்திலிருந்து வரவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்திருந்தன. எதிரே சுவர்தான் இருந்தது...

 எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் திரையில் பதினேழு நிமிடம் ஓடியிருந்தது. ஓட்டம் விழுந்தால் நாளைக்குப் பட்டறை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான், மடையன்.

2.29. சன்னல் மறுபடி மூடியிருந்தது. இந்த முறை உள்தாழ்ப்பாள் அசையவே இல்லை. இரண்டு கையாலும் இழுத்தான். யாரோ அந்தப் பக்கம் பிடித்திருக்கிற கனம்.

"யாருங்க அது?"

கையை விட்டுவிட்டு மேசைக்கு ஓடி ஊற்றினான்.

2.33. பின்னால் ஒரு சத்தம். க்ர்ர்ர்ர்ர்... தரையில் எதையோ இழுக்கிற சத்தம். திரும்பினான். ஸ்டூல் அறையின் நடுவில் நின்றது. கதவு சாத்தியிருந்தது.

இன்னும் பதினான்கு நிமிடம் ஓடினால் முதல் இடம். அதை நினைத்தபோதே விரல் நுனி மரத்துப்போயிருப்பது தெரிந்தது. கொட்டாவி வந்தது. தூக்கம் வர்றாப்பல இருக்கும்...

போதும். வேலையும் வேண்டாம், வெங்காயமும் வேண்டாம். கதவுக்குப் போனான்.

2.38. கதவின் இரும்புத் தாழ்ப்பாள் வெள்ளையாக இருந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது. தாழ்ப்பாள் மேல் பனி.

தொட்டான்.

உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. இழுத்தான். வரவில்லை. தோல் கிழிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. அலறினான். பாதித் தோலைத் தாழ்ப்பாளில் விட்டுவிட்டுக் கை பிய்ந்து வந்தது.

ஷ்ஷ்ஷ்ஷ்...

பின்னால். ஊற்றுகிற சத்தம்.

அவன் ஊற்றவில்லை. அவன் கதவோரம் நிற்கிறான்.

 தரையில் வெண்புகை. அதற்குள் விழுந்தான். கண் மூடும் முன் மேசையைப் பார்த்தான். ஃபிளாஸ்க் சாய்ந்திருந்தது. கீழே விழவில்லை. அந்தரத்தில் நின்று, நிதானமாக...

திரையில் மணி 2.41.

திருமூர்த்தி அண்ணன் கொஞ்சம் முன்னாலேயே வந்ததுதான் அவன் செய்த புண்ணியம். 2.44-க்குப் படியேறினார். கதவை உதைத்து உடைத்தார். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் வைத்ததும் முழித்துக்கொண்டான். கைக்குக் கட்டுப் போட்டார்கள். இரண்டு நிமிடம் தாமதித்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல ஆள் இருந்திருக்காது.

5.10-க்கு இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். மாடியில் உடைந்த கதவு திறந்தபடி கிடந்தது. சன்னல் மூடியே இருந்தது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ஆமாம், ஓடிக்கொண்டிருந்தது. நைட்ரஜன் ஊற்றாவிட்டால் சில நிமிடங்களில் விழுந்திருக்க வேண்டிய ஓட்டம், ஐந்து மணியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. குவளையில் பனி அப்படியே இருந்தது.

திருமூர்த்தி கேனுக்குள் குச்சியை விட்டு எடுத்தார். குச்சியில் ஒரு துளி வெள்ளை இல்லை.

"எத்தன ஃபிளாஸ்க் ஊத்துனே கண்ணு?"

"நாலுங்கண்ணா. மூணு லிட்டர்கூட வராதுங்க."

"இருபது லிட்டரும் காலியாயிருச்சே..."

அவர் கேனைத் தூக்கிக்கொண்டு, அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல், படி இறங்கிப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை பெங்களூரிலிருந்து மெயில் வந்தது. முதல் இடம். ஐந்து மணி வரைக்கும் இரண்டு மணி ஐம்பத்தைந்து நிமிடம். வெள்ளிக்கிழமை நேரில் வர வேண்டும், அதே புராசசரைக் கொண்டுவந்து லேபில் ஒரு முறை ஓட்டிக் காட்ட வேண்டும், வேலை தயார் என்று எழுதியிருந்தார்கள். ஈஸ்வரமூர்த்தி அக்கம்பக்கத்துக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். சபரீஷ் புராசசர் பெட்டியின் அடியில் இருந்த நம்பருக்குப் போன் போட்டான்.

ஒரு பெண் எடுத்தாள். பெயர் புவனா. கருமத்தம்பட்டி. புதன்கிழமை காலை அவள் வீட்டு கேட்டுக்கு முன்னால் போய் நின்றான். சட்டைப் பையில் புராசசர். அவள் கேட்டைத் திறக்கவில்லை.

"அது எங்கண்ணன் மோகன்குமாரோடதுங்க. பெட்டியில ஊட்டு நம்பரை எழுதுனதும் அவந்தானுங்க. ரெண்டு வருசமாச்சுங்க அவன் போயி. ரூம அடைச்சுட்டு நைட்ரஜன் ஊத்திப்போட்டான். சன்னலைத் தொறந்தா அடிக்க வருவான், ஈரம் வந்துரும்னு."

சபரீஷ் போனில் அன்றைய கோட்டை எடுத்துக் காட்டினான். 2.05-இலிருந்து 2.41 வரைக்கும் ரம்பப் பல். 2.41-க்குப் பிறகு ஐந்து மணி வரைக்கும் ஒரே கோடு. மேலே ஏறவில்லை, கீழே இறங்கவில்லை. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருந்தது.

புவனா அதைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இது எங்கண்ணன் ஊத்தற கைதானுங்க. அன்னைக்கும் இப்படித்தானுங்க இருந்துச்சு. மறுநா காலையில கதவை ஒடச்சோம். முந்தின நா மத்தியானமே உசுரு போயிருச்சுன்னு டாக்டர் சொன்னாருங்க. மெஷின் மட்டும் விடிய விடிய ஓடியிருக்குது. கேன் காலி."

சபரீஷ் பையிலிருந்து புராசசரை எடுத்து கம்பி வழியே நீட்டினான். அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"வேண்டாமுங்க. ஊட்டுக்குள்ள அது வரக்கூடாதுங்க. உங்களுக்கு முந்தி ரெண்டு பேரு இதே நம்பருக்குக் கூப்புட்டு, இதே கேட்டுல வந்து நின்னாங்க. உடைச்சுப்போடுங்கன்னு சொன்னேன். யாரும் உடைக்கலீங்க. பழைய சாமானோட வித்துப்போட்டாங்களாம்."

"அவங்களும் கம்ப்யூட்டர் பசங்களாங்க?"

புவனா அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள்.

"இல்லீங்க. ஒருத்தரு வாங்குன பையனோட அப்பா. இன்னொருத்தங்க அதுக்கப்பறம் வாங்குனவரோட சம்சாரம். வாங்கினவங்க யாரும் வரலீங்க. உசுரோட வந்து கேக்கற மொத ஆளு நீங்கதானுங்க."

வெள்ளிக்கிழமை சபரீஷ் பெங்களூர் போகவில்லை. தறிப்பட்டறைக்குப் போனான்.