கைதட்டல் இல்லாத கேசட்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை. காதுகேட்கும் கருவி பொருத்துவது என் தொழில். எது நிஜச் சத்தம், எது பிரமை என்று பிரித்துச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். நடந்தது பிரமை இல்லை.

ஊருக்கெல்லாம் காது கொடுத்த என்னால் சொந்த அக்காவுக்குக் கொடுக்க முடியவில்லை. ஒரு காய்ச்சலில் அவளுக்கு இரண்டு பக்கமும் காது நரம்பு செத்துப்போனது. பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். நானும் விடாமல் புதுப்புதுக் கருவிகளை மாட்டிப் பார்ப்பேன். விடுடா, பழகிப்போச்சு என்பாள். எனக்குத்தான் பழகவில்லை.

பழைய கேசட் சேர்ப்பது என் பைத்தியம். பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது. அட்டையில் கிட்டாரோடு ஒரு பெண். நாட்டுப்புற மெட்டு, பின்னால் அதிரும் டிரம். ஒன்பது பாட்டையும் அவளே எழுதி அவளே பாடியிருந்தாள். மேடையில் பாடும்போதே பதிவு செய்தது. முதல் பாட்டிலேயே விழுந்துவிட்டேன். இப்படி ஒருத்தி எப்படி யார் கண்ணிலும் படாமல் போனாள் என்று ஆத்திரமாக வந்தது.

ஒன்றுதான் உறுத்தியது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் "நன்றி" என்கிறாள். ஆனால் கைதட்டல் இல்லை. ஒரு இருமல்கூட இல்லை. பதிவு செய்தவன் வெட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு மாலை. மணி 4.10. கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா எனக்கு முதுகைக் காட்டியபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றது.

"யாருடா இது? நல்லாப் பாடுறா."

மறுநாள் அவளை நான் வேலை பார்க்கும் கடைக்கு அழைத்துப்போய்க் காது சோதனை அறையில் உட்கார வைத்தேன். எந்த ஒலிக்கும் அசையவில்லை. கேசட்டைப் போட்டேன். வரிக்கு வரி கூடவே பாடினாள்.

பயமா? சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதேன். அந்த வேகத்தில் ஒன்பது பாட்டையும் இணையத்தில் ஏற்றினேன். உலகமே கேட்கட்டும் என்று. கண்டுபிடித்தவன் நான் என்ற மிதப்பும் கொஞ்சம் இருந்தது.

அக்கா அதன்பிறகு ஹெட்போனைக் கழற்றவே இல்லை. சாப்பாடு குறைந்தது. பேச்சு குறைந்தது. ஒருநாள் முகம் வாடிப்போய்ச் சொன்னாள்.

"பாவம்டா. யாருமே கை தட்டல. ஏன் தட்டலன்னு என்னைக் கேக்குறா."

"கேசட் எப்படிக்கா உன்னைக் கேக்கும்?"

அதற்குள் அவள் கை தட்டத் தொடங்கியிருந்தாள்.

அடுத்த வாரம் வேலை முடிந்து வந்தேன். மணி 6.40. நாற்காலியில் அக்கா. காதில் ஹெட்போன். தொட்டேன்... சில்லென்று இருந்தாள்.

மாரடைப்பு என்றார் டாக்டர். உள்ளங்கை இரண்டும் கன்றிக் கறுத்திருந்தது ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

உறவுக்காரர்கள் கிளம்பியதும் கேசட்டை எடுத்தேன். உடைக்கத்தான் எடுத்தேன். கடைசியாக ஒரு தடவை போட்டேன்.

பாட்டு முடிந்தது. "நன்றி."

தட்... தட்... தட்...

ஒரே ஒரு ஆள். என் அக்காவின் கை எனக்குத் தெரியாதா?

எப்படி உடைப்பேன்? தினமும் கேட்டேன். சில நாளில் இன்னொரு ஜோடிக் கை சேர்ந்தது. அப்புறம் இன்னும் சில. ஒன்று சின்னக் கை... குழந்தை. யாருடைய கைகள் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை. எத்தனை பேர் தட்டினாலும் அக்கா தனியாகத் தெரிவாள். மற்றவர்கள் நிறுத்தியது காதில் விழாமல் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டுவாள். அந்த இரண்டு தட்டுக்காகத்தான் உயிரோடு இருந்தேன்.

பிறகு ஒரு போன். அந்தக் கேசட்டில் டிரம் வாசித்தவர். இணையத்தில் கேட்டிருக்கிறார்.

"கைதட்டலை யார் தம்பி சேத்தது?"

நான் ஏற்றியபோது அதில் கைதட்டலே இல்லை. நான் சேர்க்கவில்லை, அன்று வந்தவர்கள் தட்டியதாக இருக்கும் என்று மழுப்பினேன்.

"அன்னிக்கு யாருமே வரல. ஒருத்தர்கூட. காலி நாற்காலிக்குத்தான் பாடினா. அரங்கம் நிறையாம இறங்க மாட்டேன்னு சொன்னா. நாங்க வீட்டுக்குப் போயிட்டோம். காலையில வந்து பாத்தா, மேடையிலயே செத்துக் கிடந்தா."

இணையத்திலிருந்து உடனே நீக்கினேன். அதற்குள் எத்தனை பேர் எடுத்து வைத்துக்கொண்டார்களோ. பாடினவள் என்னை மட்டும் ஏன் விட்டு வைத்திருக்கிறாள்? போட்டுக் காட்ட ஒரு ஆள் வேண்டுமே.

நேற்று மாலை 5.20. கேசட்டைப் போட்டேன். கடைசிப் பாட்டு.

"நன்றி."

அரங்கமே அதிர்ந்தது.

நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நின்றால்தானே அக்காவின் அந்த இரண்டு தட்டு கேட்கும்.

நாடா முடிந்தது. டேப் தானாக நின்றது.

கைதட்டல் நிற்கவில்லை...