பூனை விட்ட மீன் ஏலம்

வாழ்க்கை வரலாறு எழுதப்படுவதற்கான தகுதிகளில் ஒன்றுகூட ராமசெல்வியிடம் இல்லை. அவர் சிறை சென்றதில்லை. கட்சி மாறியதில்லை. பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளத் தோதாக ஒரு பட்டத்தையும் யாரும் மேடையில் ஏற்றி வழங்கவில்லை. திருவொற்றியூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் சுயம்புவின் ஒரே மகளாகப் பிறந்து, பொறியியல் படித்து, நகரத்தின் தென்கோடியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்த்தார். வடகோடியிலிருந்து தென்கோடிக்குப் போய்வருவதே முழுநேர வேலையாக இருந்தது. ஒரு மனுஷிக்கு இரண்டு வேலை எதற்கு என்று இரண்டையும் விட்டுவிட்டு, குழந்தைகளுக்கு நிரல் எழுதக் கற்றுத்தரும் வகுப்பைத் தொடங்கினார்.

வகுப்பு முதலில் அப்பாவின் கடைப் பரணில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே நடந்தது. முதல் பாடம் முடிவதற்குள் மொத்த வகுப்பும் தும்மிக் கண்ணீர் வடித்தது. கணினிக் கல்வி இவ்வளவு உருக்கமானதா என்று கீழே சரக்கு வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

சுயம்புவின் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். கோபம் வந்தால் பேச்சும் அங்கே போய்விடும். “ஏளா செல்வி, பிள்ளேளு அழுது அழுது நம்ம வத்தல்லாம் நமத்துப் போவுதுல்லா! வேற எடம் பாரு தாயி.”

பார்த்தார். எண்ணூர் சாலையோரக் குப்பம் ஒன்றில் மீனவர்களின் சமுதாயக் கூடம் பூட்டியே கிடந்தது. குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவரும் விசைப்படகு முதலாளியுமான செல்வம், “கொஞ்ச நாளைக்கு வெச்சுக்கோம்மா, அப்பால பாக்கலாம்” என்று சாவியைக் கொடுத்தார். அந்த ‘அப்பால’ எப்போது வரும் என்பதில் தெளிவில்லை. தெளிவில்லாத ஒரு கட்டளையை நம்பி ஒரு நிரல் ஆசிரியை குடியேறினார் என்பது வரலாற்றில் பதியப்பட வேண்டிய முரண்.

ராமசெல்வியின் போதனா முறை எளியது. முதல் நாள் தானே கணினியாக மாறிவிடுவார். பிள்ளைகள் சொல்வதை மட்டும் செய்வார், சொல்லாததைச் செய்யமாட்டார்.

“டீச்சர், டீக்கடைக்கு போ!”

“டீக்கடை எங்க இருக்குன்னு கணினிக்குத் தெரியாதே.”

“அட, நேரா போ டீச்சர்!”

நேராகப் போனார். சுவர் வந்தது. நில் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பொறியியல் பட்டதாரி சுவரில் முட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும் காட்சியைப் பார்க்க மறுநாள் கூட்டம் இரண்டு மடங்கானது. சும்மா பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் படிக்கவும் செய்தார்கள். தேசிய அளவில் பரிசீலிக்க வேண்டிய மாணவர் சேர்க்கைத் திட்டம் இது.

இந்தச் செய்தி கடற்கரையில் மீன் ஏலம் விடும் பச்சையம்மாவின் காதுக்கும் போயிற்று. தன் மகள் ஜெயஸ்ரீ சேர்ந்திருப்பது எப்படிப்பட்ட இடம் என்று பார்க்க, கையில் கரண்டியோடு வந்தார். கூடத்தில் பிள்ளைகள் திரையில் நிறநிறமான கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டையும் ஒரு கட்டளை. அடுக்கியபடியே ஒரு மஞ்சள் பூனை நடந்தது, குதித்தது, பேசியது.

“இன்னா டீச்சரம்மா இது? நா காலீலேர்ந்து பூனைய தொரத்திகினு கீறேன், நீ இங்க குந்தவெச்சு வளக்குற?”

“அக்கா, இந்தப் பூனை நீங்க என்ன சொன்னாலும் கேக்கும்.”

“இன்னா சொன்னாலுமா?”

வீட்டுக்காரரும் கேட்பதில்லை, மகளும் கேட்பதில்லை, மீன் வாங்க வரும் வியாபாரிகளும் கேட்பதில்லை. சொன்னபடி கேட்கும் ஓர் உயிரை வாழ்க்கையில் முதல் முறையாகச் சந்தித்த பச்சையம்மா, கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து வகுப்புக்குத் தவறியதே இல்லை. பூனைக்குத் தன் தொழிலையே கற்றுக்கொடுப்பது என்று முடிவு செய்தார். பூனையை நம்பி மீன் கூடையை ஒப்படைத்த முதல் மீனவப் பெண் அவராகத்தான் இருக்கவேண்டும்.

இந்த நேரம் பார்த்து ‘அப்பால’ வந்து சேர்ந்தது. செல்வத்தின் படகிலேயே வேலை செய்யும் திருமுருகன், குப்பத்துக் கேரம் கிளப்பின் செயலாளர். கூடம் கிளப்புக்கு வேண்டும் என்று அவர் பஞ்சாயத்தில் மனுப் போட்டார். “சொவுத்துல முட்டிக்க எதுக்கு தலீவரே கூடம்? எந்த சொவுத்துலயும் முட்டிக்கலாமே?” நியாயமான கேள்வி. செல்வம் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடும், வகுப்பில் என்ன படித்தார்கள் என்று காட்டட்டும், உருப்படியாக ஒன்றுமில்லை என்றால் சாவி கிளப்புக்கு என்று தீர்ப்பானது. ராமசெல்வி கணக்குப் போட்டார். கூடம் போனால் வகுப்பு போகும். மிளகாய்ப் பரண் தவிர வேறு கதியில்லை.

“நீ கம்னு இரு டீச்சரம்மா. என் பூனை பேசும்” என்றார் பச்சையம்மா.

ஞாயிற்றுக்கிழமை குப்பமே திரண்டது. திரையில் பூனை. அதன் பக்கத்தில், திரையிலேயே, ஒரு கூடை நெத்திலி. மூன்று பிள்ளைகள் மூன்று பொத்தான்களைத் தட்டி விலை கேட்க, பூனை ஏற்றிக்கொண்டே போய், கேட்பது நின்றதும், “ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!” என்று பச்சையம்மாவின் குரலிலேயே கத்தி முடித்தது. கூடை காலி. கைத்தட்டல் கூரையைத் தொட்டது. ராமசெல்விக்கு மூச்சு வந்தது.

திருமுருகன் எழுந்தார். “ஒரே ஒரு கேள்வி. கறி மீனு எங்க?”

கைத்தட்டல் சட்டென்று நின்றது. கடலுக்குப் போய் வந்தவர்கள் வீட்டுக் குழம்புக்கென்று ஏலத்துக்கு முன்னாலேயே கூடையிலிருந்து எடுத்துக்கொள்வது கறி மீன். பூனை அதையும் சேர்த்து விற்றுவிட்டது.

“உசுர குடுத்து புட்ச்சிகினு வந்தவன் வூட்ல இன்னிக்கு ரசமா? கேரம் போர்டு எவன் கறியிலயாச்சும் கை வெச்சிருக்கா, சொல்லு மாமு!”

“டேய், கறி மீன எடுத்துட்டுத்தான் ஏலம்னு சொல்லணுமா இன்னா? நேத்து பொறந்த கொயந்தக்கி கூட தெர்யும்!” என்று பச்சையம்மா பாய்ந்தார்.

“பூனைக்குத் தெரியாதுக்கா. நாம சொல்லவே இல்லையே” என்றார் ராமசெல்வி. சாவி கைநழுவிக்கொண்டிருந்தது. இருந்தும் வாத்தியார் புத்தி போகவில்லை. “சரி, இப்ப சொல்லிடுவோம். ஏலத்துக்கு முன்னாடி ஒரு கட்டை சேக்கணும். எவ்வளவு எடுக்கணும்?”

“ஒரு கை” என்றார் செல்வம்.

“இன்னாது, ஒரு கையா? ரெண்டு கை!” என்றார் திருமுருகன்.

“ஆளுக்கா, படகுக்கா?” என்று கேட்டார் ராமசெல்வி.

இந்தக் கேள்வியை அந்தக் குப்பத்தில் அதுவரை யாரும் கேட்டதில்லை. ஆளுக்கு என்றது திருமுருகன் பக்கம். படகுக்கு என்றது செல்வம் பக்கம். வஞ்சிரத்தில் கை வைக்கக்கூடாது என்றார் ஒருவர், வஞ்சிரம் மட்டும் இன்னா சாமியா என்றார் இன்னொருவர். ஜுரத்தில் படுத்து அன்று கடலுக்கு வராதவனுக்கு உண்டா? கரையில் நின்று வலை இழுத்தவனுக்கு? ஆதிமுதல் ஒரே ஒரு சட்டம்தான் இருக்கிறது என்று எல்லோரும் நம்பிவந்தார்கள். அவரவர் வீட்டில் அவரவர் சட்டம் இருந்தது தெரியவந்தது.

ராமசெல்வி ஒவ்வொன்றையும் அடுக்கிக் காட்டினார். செல்வத்தின் சட்டப்படி ஓட்டியபோது, படகில் போனவர்கள் தலைக்கு ஒரு வாய்ச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் அளவோடு வீடு திரும்பினார்கள். பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. திருமுருகனின் சட்டப்படி ஓட்டியபோது ஏலம் தொடங்கும் முன்பே கூடை காலி. பூனை வெறுங்கூடையை வைத்துக்கொண்டு ‘ஒரு தரம்’ என்றது.

“அது தப்பா போட்ருக்கு! நவுறு டீச்சர், நா போட்றேன்!” திருமுருகன் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார். கேரம் கிளப்பின் செயலாளர் நிரல் எழுதத் தொடங்கிய நிமிஷம் அது. அவருக்கே தெரியாமல் நடந்தது.

“இந்தக் கட்டைய எங்க சொருவணும்?”

“ஏலத்துக்கு மேல.”

“நெத்திலின்னா ரெண்டு கை, வஞ்சிரம்னா ஒரு துண்டுன்னு எப்டி சொல்றது?”

“அதுக்கு ‘இப்படி இருந்தால்’னு ஒரு கட்டை இருக்கு பாருங்க.”

விளக்கு வைக்கும் நேரம் வரை சண்டை. சாவியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் செல்வம் எழுந்து, “கறி மீன் விசயம் முடியாம எதுவும் முடியாது, எல்லாம் அப்டியே இருக்கட்டும்” என்று சபையைக் கலைத்தார்.

அடுத்த வகுப்புக்குத் திருமுருகன் முதல் ஆளாக வந்தார். அவரைத் தனியே எழுதவிட்டால் படகே குழம்புக்குப் போய்விடும் என்ற கவலையில் செல்வமும் வந்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“டீச்சரம்மா, அவன் எய்தினத அழிக்கிறதுக்கு எந்த பொத்தானு?”

“அது அடுத்த மாசப் பாடம், தலைவரே.”

செல்வம் முழங்காலை இன்னும் வாகாக மடக்கிக்கொண்டார்.

“சர்தான். அப்போ அடுத்த மாசமும் இங்கியே நடத்து. சாவி உன்கிட்டயே இருக்கட்டும்.”